தளும்ப ஊற்றிய தண்ணீர்

டாக்டரம்மாவின் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும். அடி கனத்து, உடம்பெல்லாம் வரி ஓடிய பழைய டம்ளர். ஒரு காலத்தில் டீக்கடைகளிலும் பார்களிலும் அதைத்தான் வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு பிளாஸ்டிக் கப், ஒரு பாட்டில் தண்ணீர். முதன்முதலாக அந்த அறைக்குள் போனபோது, பாவம், பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோகிறது போல, அதற்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது எங்களைப் போன்ற நோயாளிகளுக்கு வைக்கிற பரீட்சை என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பரீட்சையில் நான் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி, மேசை முழுக்க ஓடவிட்டு, ஒரு கல்லீரல் மருத்துவரின் சேலைக் கொசுவத்தை நனைத்தவன். என் ஆயுளும் என் மானமும் சேர்ந்தே பிழைத்தது அந்தத் தண்ணீரால்தான்.

போன மாதம் டாக்டரம்மா காலமானார். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஓர் இளம் டாக்டர் மைக்கைப் பிடித்து அவருடைய படிப்பை வாசித்தார். மதுரையில் எம்.பி.பி.எஸ்., பொது மருத்துவத்தில் மேற்படிப்பு, அப்புறம் வடக்கே போய் கல்லீரலுக்கென்றே தனிப் படிப்பு, வெளிநாட்டில் கொஞ்ச காலம் ஆராய்ச்சி, மஞ்சள் காமாலைக் கிருமி ஒரே குடும்பத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றிக் கட்டுரைகள். வாசிக்க வாசிக்க அந்தப் பையனுக்கே மூச்சு வாங்கியது. எல்லாம் உண்மைதான், ஒன்றும் குறைசொல்வதற்கில்லை. ஆனால் என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "ஈரல் வறுவல் கடையச் சொல்லாம விட்டுட்டாங்களே" என்று முணுமுணுத்தாள். அங்கே விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கப்பலூரில் ஒரு சின்ன கம்பெனியில் அச்சடிக்கிற பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தேன். பிளாஸ்டிக் டப்பாக்களின்மேல் பெயரும் படமும் அச்சடிக்கிற வேலை. திடீரென்று ஒருநாள் கால் வீங்கியது. செருப்பு இறுகியது. அப்புறம் வயிறு ஏறியது, பேண்ட் பட்டன் போட முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஸ்கேன் எடுக்கப் போனேன். வயிற்றில் கருவியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "ஈரல் சுருங்கிப் போயிருக்கே. ரொம்ப நாளாக் குடியாண்ணே?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

நான் குடித்ததே இல்லை. இதை எத்தனை தடவை, எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. என் வாழ்க்கையில் நான் குடித்ததிலேயே காரமான சரக்கு பன்னீர் சோடாதான். கல்யாண வீடுகளில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் ஒதுங்குமே, அந்தப் பக்கம்கூடப் போகாதவன். ஆனால் மதுரையில் ஒருவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால், காரணம் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது. காரணம் அவர்களிடமே தயாராக இருக்கும். கம்பெனியில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர்களே, "ஆளு அமுக்கமா இருந்துருக்காப்ல" என்று பேசிக்கொண்டார்கள். ஒத்தக்கடையில் இருக்கிற என் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், தாராளமாகக் குடிக்கிறவர், அவரே வந்து கட்டிலில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொன்னார். "இதுக்குத்தான் மாப்ள, குடிச்சா வெளிப்படையாக் குடிக்கணும். மறைச்சுக் குடிச்சாத்தான் ஈரலப் புடிக்கும். என்னையப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன்." என்னத்தைச் சொல்ல!

ஊர் பேசினால் பேசட்டும் என்று தள்ளிவிடலாம். வீட்டில் அப்படித் தள்ள முடியவில்லை. அச்சு மை காய்ந்துபோகாமல் இருக்க தின்னர் ஊற்றுவோம். அந்த வாடை சட்டையில், கையில், தலைமுடியில் ஏறிக்கொள்ளும். என் மனைவியின் அப்பா குடித்தே குடும்பத்தைச் சாய்த்தவர். வாடைக்குப் பயந்தே வளர்ந்தவள் அவள். நான் ஓவர்டைம் பார்த்துவிட்டு அந்த வாடையோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் என்ன நினைத்திருக்கிறாள் என்பது எனக்கு அந்த ஸ்கேன் அறையில்தான் தெரிந்தது. அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. நினைத்தேன், சரியாகப் போய்விட்டது என்கிற முகம். வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு, மெதுவாக, "உண்மையச் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். நான் கத்தினேன். மோர் டம்ளரைத் தள்ளினேன். கத்துகிறவன் பொய்தான் சொல்கிறான் என்று அவள் அவளுடைய அப்பாவிடம் கற்றிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. செத்தால்கூட இந்தப் பேரோடு சாகக்கூடாது, அதுவும் இவள் மனசில் இந்தப் பேரோடு சாகக்கூடாது என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்த ஆசை.

இந்த நிலையில்தான் யாரோ சொல்லி டாக்டரம்மாவிடம் போனோம். குள்ளமான உருவம், நரைத்த கொண்டை, காலில் ரப்பர் செருப்பு. சுவரில் வரிசையாகப் பட்டங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. ஸ்கேன் படத்தைப் பார்த்தார், என் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு மற்றவர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். நான் இல்லை என்றேன். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேசையில் இருந்த டம்ளர்களை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தத் தண்ணிய சரக்குன்னு வச்சுக்கங்க. ஒரு பேச்சுக்கு. நீங்க குடிக்கப் போறீங்க. எதுல வேணாலும் ஊத்துங்க, எம்புட்டு வேணாலும் ஊத்துங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருப்பேன். எழுந்திருக்கக் காலில் வலு இல்லை. அந்தக் கண்ணாடி டம்ளரை இழுத்து, பாட்டிலைக் கவிழ்த்தேன். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? தண்ணீர் என்றால் டம்ளர் நிறைய ஊற்றுவோம், அவ்வளவுதான் தெரியும். விளிம்புவரை வந்தது, தாண்டியது, மேசையில் ஓடியது, அந்தப் பக்கம் சொட்டியது. டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "யப்பா சாமி! சரக்க இப்படி ஊத்துனா இருக்கிற வீட்ட மூணே மாசத்துல வித்துருவீங்க!"

பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். தண்ணீரைத் துடைக்காமலேயே இன்னொரு டம்ளரை எடுத்து ஊற்றிக் காட்டினார். "குடிக்கிறவன் நாக்கு பொய் சொல்லும்மா, கை சொல்லாது. பாருங்க, காவாசி ஊத்துவான். தண்ணி கலக்க மிச்ச எடம் விடுவான். கண்ணுக்கு நேராத் தூக்கிப் பாப்பான், கூடிருச்சா, கொறஞ்சிருச்சான்னு. பக்கத்துல இருக்கிறவன் டம்ளரையும் ஒரு பார்வை பாப்பான். எங்கப்பா ஆரப்பாளையத்துல, ஒயின்ஷாப்பு வாசல்ல, ஈரல் வறுவல் போட்டவரு. சின்ன வயசுலேருந்து இந்தக் கைகளப் பாத்துத்தான் நான் வளந்தேன். அவரு ஈரல் வித்து என்னையப் படிக்க வச்சாரு, நான் ஈரல் பாத்து சாப்புடுறேன். உங்க வீட்டுக்காரர் கைக்கு அந்தப் பழக்கமே இல்லம்மா."

என் மனைவி மேசையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். அவளுடைய அப்பா கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்து அந்தத் தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். பக்கத்து வார்டிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் சரியான ரத்தப் பரிசோதனையே நடந்தது. பி வகைக் காமாலைக் கிருமி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்து, இத்தனை காலம் சத்தமே இல்லாமல் உள்ளே இருந்து ஈரலைத் தின்றிருக்கிறது. என் அம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே வயிறு வீங்கித்தான் இறந்துபோனாள். அவளைக் குடிகாரி என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அதனால் செய்வினை என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. தடுப்பூசி போட்டார்கள். "சரி, கூடப் பொறந்தவங்க யாரு இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா. அக்காவைச் சொன்னேன். "ஒரே வயித்துப் பிள்ளைக. அவங்க கட்டாயம் பாக்கணும். அவங்களுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. நல்லா இருக்கும்போதே கூட்டிட்டு வாங்க."

அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். அவள் என்மேல் உயிரையே வைத்திருக்கிறவள், எனக்கு வியாதி என்றதும் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவள். ஆனால் ரத்தம் கொடு என்றதும் குரல் மாறிவிட்டது. "ஏன்டா, குடிச்சது நீ, ஊசி எனக்கா?" என்றாள். அவளுக்கு அவள் கவலை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. தாய்மாமன் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டான் என்ற பேரே பெரிய பேர், அம்மாவும் ஈரல் டாக்டரிடம் போகிறாள் என்றால் யார் பெண் எடுப்பார்கள்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபோனை வைத்துவிட்டேன். நான் சொல்வதற்கு மரியாதை இல்லை, குடிகாரன் பேச்சு என்றாகிவிட்டது.

போனவள் என் மனைவிதான். என்னையும் இழுத்துக்கொண்டு ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறினாள். அக்கா வீட்டில் நான் சோபாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி நேராக அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரும் சொம்பு நிறையத் தண்ணீரும் எடுத்துவந்து டீப்பாயில் வைத்தாள். "அண்ணே, இத சரக்குன்னு நெனச்சு ஊத்துங்க பாப்போம்" என்றாள் மச்சானிடம். மச்சானுக்கு இதெல்லாம் விளையாட்டு. "இதென்னம்மா கூத்து" என்று சிரித்துக்கொண்டே சொம்பைச் சாய்த்தார். கால்வாசி வந்ததும் அவர் கை தானாக நின்றது. டம்ளரைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே ஒருதரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எனக்கே புல்லரித்துவிட்டது. பிறகு அதே டம்ளரை என்னிடம் நீட்டினாள். டாக்டரம்மாவின் மேசையில் ஓடியது போலவே அக்காவின் டீப்பாயிலும் தண்ணீர் ஓடியது.

"மதினி," என்றாள் என் மனைவி, "வருசக்கணக்கா இந்த மனுசன மோந்து மோந்து பாத்து உள்ளுக்குள்ளயே வெந்தவ நான். அந்த வாடை தின்னரு. எங்க அத்தைக்கு செய்வினையும் இல்ல, இவருக்குக் குடியும் இல்ல. இது ரத்தத்துல வந்தது. உங்க தம்பிய நம்ப வேணாம், என்னைய நம்புங்க. நீங்க வாரேன்னு சொல்ற வரைக்கும் நான் இங்கயிருந்து போக மாட்டேன்." அக்கா அழுதாள், திட்டினாள், எங்களுக்குத் தோசை சுட்டுப் போட்டாள். கடைசியில் வாயைத் திறந்தது மச்சான்தான். தன் டம்ளரையும் என் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்திரி, நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் குடியைப் பற்றிக் கிண்டல் பேசியதே இல்லை.

அக்காவுக்கும் அதே கிருமி இருந்தது. ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்திருந்தது, ஆனால் வெளியே ஓர் அறிகுறியும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற மனுஷி. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் என்னைப் போல ஆகியிருப்பாள் என்று டாக்டரம்மா சொன்னார். தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அவள் மகளுக்கும் பார்த்தார்கள், கிருமி இல்லை, ஊசி போட்டார்கள், கல்யாணமும் நன்றாகவே நடந்தது. எனக்கும் அதே மாத்திரையில் வீக்கம் வடிந்தது, வயிறு இறங்கியது. செருப்பு பழையபடி காலுக்குச் சரியாக வந்த அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

வெகு காலம் கழித்து, ஒரு மறுபரிசோதனைக்குத் தனியாகப் போயிருந்தேன். கூட்டம் இல்லாத மதியம். அந்தக் கண்ணாடி டம்ளரை எங்கே வாங்கினீர்கள், இப்போது கிடைப்பதில்லையே என்று சும்மா கேட்டேன். அவருடைய அப்பா கடையில் மிஞ்சிய டம்ளர் அது என்றார். கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

அவர் டாக்டருக்கு முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு வயிறு வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒயின்ஷாப் வாசலில் கடை போட்டவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் ஊர் என்ன சொல்லும்? வீடும் அதையே சொன்னது. ஒருநாள் பெரிய டாக்டர் மாணவர்களோடு கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே நின்றாள். பெரிய டாக்டர் அவளிடம்தான் கேட்டார். அப்பா குடிப்பாரா? "நான் 'ஆமா சார்'னு சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. "அவரு குடிச்சு நான் பாத்ததில்ல. ஆனாலும் சொன்னேன். அவங்க எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. எங்கப்பா என்னைய ஒரு பார்வை பாத்தாரு. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல. படிக்கிற பிள்ளை, அத்தன டாக்டருக்கு முன்னாடி அவ சொன்னது பொய்யாயிரக் கூடாதுன்னு நெனச்சாரோ என்னமோ." அந்த வாரமே அப்பா இறந்துபோனார். பல வருஷம் கழித்து, டாக்டரான பிறகு, சிகரெட்டுகூடத் தொடாத தன் சித்தப்பாவின் ரத்தத்தில் பி வகைக் கிருமி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அன்றைக்குத்தான் வடக்கே போய் ஈரல் படிப்பது என்று முடிவு செய்தாராம். மைக்கில் வாசித்த அத்தனை படிப்பும், குடும்பங்களைப் பற்றிய அந்த ஆராய்ச்சியும் அங்கே ஆரம்பித்ததுதான்.

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, "இந்த டெஸ்ட அப்பவே அப்பாவுக்கு வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமேம்மா" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். "தோத்துருப்பாருங்க. கடையில ஊருக்கே ஊத்திக் குடுத்த கை அது. துளி பிசகாம காவாசியில நிறுத்தும். குடிக்காமலே அளவு தெரிஞ்ச கை."

"அப்ப என்னைய மட்டும் எத வச்சு நம்புனீங்க?"

"எத வச்சும் இல்ல. நீங்க இல்லன்னு சொன்னீங்க, நம்புனேன். தண்ணி ஊத்தச் சொன்னது உங்க வீட்டம்மாவுக்காக." பிறகு மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே, "இத யாருகிட்ட வேணாலும் சொல்லுங்க. நாலு பேரு டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வந்தாச் சரி" என்றார்.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லச் சொன்னார், நான் மட்டும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லப் பயம். என் மனைவியின் நம்பிக்கை முழுக்க அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது, அது பரீட்சையே இல்லை என்று சொன்னால் பழைய சந்தேகம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? அதனால் கமுக்கமாகவே இருந்துவிட்டேன். இரங்கல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாத்திரைக்குத் தண்ணீர் எடுத்து வந்தவளை உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். குடிக்காத ஒருத்தர் கையும் கால்வாசியில் நிற்கும், குடிக்கிறவன் வேண்டுமென்றே தளும்பவும் ஊற்றலாம், அந்த டம்ளரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அப்பா மகளை ஒரு பார்வை பார்த்த இடம் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொல்லி முடித்ததும் மாத்திரையைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"அப்ப நீ இனிமே என்னைய எத வச்சு நம்புவ?" என்று கேட்டேன்.

"எத வச்சும் இல்ல" என்றாள். "நீங்கதான் சொல்லிட்டீங்கள்ல. மாத்திரையப் போடுங்க." சொம்பைச் சாய்த்து என் டம்ளரில் ஊற்றினாள். விளிம்பு வந்தும் நிறுத்தவில்லை. தண்ணீர் மேசையில் ஓடியது.